மன்னிப்புக் கடிதத்தில் விடுபட்ட ‘ப்’

“அக்கா, ‘திரும்பப் பெறுகிறேன்’ல ஒரு ‘ப்’ விட்டுப்போச்சு.”

என் நாற்காலிக்குப் பின்னால் நின்று, கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தபடி கருப்பையா சொன்னார். பஸ் வந்துவிட்டதா என்று விசாரிப்பவரைப் போன்ற சாதாரணக் குரல்.

பார்த்தேன். உண்மைதான். ‘மேற்படி கதையை நிபந்தனையின்றித் திரும்ப பெறுகிறேன்’ என்று அடித்திருந்தேன். ‘ப்’ போட்டேன்.

அவரைச் சுற்றி அவர் ஊர்க்காரர்கள் நான்கு பேர் நின்றார்கள். நான்கு பேரும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. என் கடைக்குள் ஒரே நேரத்தில் அத்தனை பேர் நிற்க இடம் கிடையாது. மின்விசிறிக் காற்று யார் மீதும் படாமல் வியர்வை வாடையோடு சுற்றிக்கொண்டிருந்தது.

“வெரசா குடுங்கக்கா, சார் சாப்பிடப் போகணும்” என்று வாசலில் நின்ற தாலுகா ஆபீஸ் உதவியாளர் அவசரப்படுத்தினார்.

அச்சாகி வந்த தாளைக் கருப்பையா வாங்கி, நிதானமாக இரண்டு முறை படித்தார். ‘எக்காலத்திலும் இக்கதையை வெளியிடவோ, வாசிக்கவோ, மேடையில் குறிப்பிடவோ மாட்டேன்’ என்ற வரியில் அவர் விரல் நின்றது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிழை எதுவும் இல்லை போலிருக்கிறது. மடிக்காமல் கையில் பிடித்தபடி ரோட்டைக் கடந்து தாலுகா ஆபீசுக்குள் போனார். நான்கு பேரும் பின்னால் போனார்கள்.

தன் மன்னிப்புக் கடிதத்துக்குத் தானே பிழை திருத்திய எழுத்தாளரை நான் அன்றுதான் பார்த்தேன்.

இரண்டு சாவுகள்

தொடரின் நடுவில் வந்து சேர்ந்த வாசகர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு தாலுகா ஆபீசுக்கு எதிரே டைப்பிங் சென்டர் வைத்திருப்பவள் நான். தட்டச்சு இயந்திரத்தில் தொடங்கி, இப்போது கம்ப்யூட்டர். பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, புகார் மனு, கல்யாணப் பத்திரிகை என்று எதுவும் அடித்துக் கொடுப்பேன். இந்தப் பக்கத்து எழுத்தாளர்களின் புத்தகங்களையும் அச்சுக்குத் தயார் செய்து தருவேன்.

கருப்பையா கால்நடை ஆய்வாளர். மாட்டுக்குச் சினை ஊசி போடுவது, கோமாரித் தடுப்பூசி போடுவது என்று நார்த்தாமலைப் பக்கம் ஒரு நாள், குன்றாண்டார்கோவில் பக்கம் ஒரு நாள் பைக்கில் சுற்றுகிற வேலை. பால் கறக்கிற நேரத்தில் வீடு வீடாகப் போகிறவருக்குத் தெரியாத குடும்பக் கதை கிடையாது. மருந்துக் குறிப்பேட்டின் பின்பக்கத்தில் எழுதுவார். பன்னிரண்டு கதைகள் சேர்ந்ததும் என்னிடம் கொண்டுவந்தார்.

அதில் ஒன்பதாவது கதைதான் பிரச்சினை.

கதை இதுதான். ஒரு ஊரில் கோயில் காளை வயதாகிச் செத்துப்போகிறது. ஊரே கூடி மாலை போடுகிறது. டிராக்டரில் ஏற்றி, பறை முழங்கப் பெரிய தெரு வழியாகக் கொண்டுபோய்க் கோயில் பக்கத்திலேயே அடக்கம் செய்கிறார்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை பறை அடித்தவருக்கு வயது அறுபதுக்கு மேல். நாலாம் நாள் அவர் நெஞ்சு வலியில் இறந்துபோகிறார். அவர் காலனிக்காரர் என்பதால் அவர் உடலைப் பெரிய தெரு வழியாகக் கொண்டுபோகக்கூடாது. கண்மாய்க் கரையில்தான் போக வேண்டும். மழை பெய்து கரை சேறாகக் கிடக்கிறது. தூக்கிப் போனவர்களில் ஒருவருக்குக் கால் வழுக்கி, பாடை சாய்ந்து, உடல் சேற்றில் விழுகிறது.

நடந்த சம்பவம்தான். இரண்டு சாவுக்கும் கருப்பையா போயிருந்தார். காளைக்கு ஊசி போட்டதும் அவர்தான். அது அவருடைய சொந்த ஊர், காளைக்கு மாலை போட்டவர்களில் அவருடைய பங்காளிகளும் உண்டு. ஊர்ப் பெயரை மாற்றியிருந்தார், ஆட்களின் பெயரையும் மாற்றியிருந்தார். கண்மாயை மாற்ற முடியவில்லை.

நானும் இங்கே ஊர்ப் பெயரை எழுதவில்லை. என் கடை அதே ரோட்டில்தான் இன்னும் இருக்கிறது.

‘களங்கம்’ என்ற சொல்

புத்தகம் வந்து ஏழெட்டு மாதம் ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் யாரோ அந்தக் கதையின் இரண்டு பக்கங்களைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள்.

ஒரு திங்கட்கிழமை காலையில் வேலுச்சாமி என் கடைக்கு வந்தார். கருப்பையாவின் ஊர்த் தலைவர். இருபது வருடமாகத் தெரியும். அவர் மகளின் கல்யாணப் பத்திரிகைகூட நான் அடித்ததுதான்.

“தங்கச்சி, ஒரு மனு அடிக்கணும். நம்ம கருப்பையா இருக்கான்ல, அவன் மேல.”

“புத்தகத்தைப் படிச்சீங்களாண்ணே?”

“அதை எதுக்குப் படிக்கணும்? அந்த ரெண்டு பக்கத்தைப் பார்த்தேன், போதும். சாமி மாடும்மா அது. அதைப் போயி... வெளியூர்க்காரன் எழுதுனாலும் பரவால்ல. நம்ம வீட்டுல சோறு தின்னுட்டு எழுதியிருக்கான்.”

அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். ‘ஊருக்குக் கெட்ட பேரு வருது’ என்று சொன்னார். நான் ‘ஊரின் நற்பெயருக்குக் களங்கம் விளைவித்துள்ளார்’ என்று அடித்தேன். வாசித்துக் காட்டியதும் அவர் முகம் மலர்ந்தது. “அதான், அதான். களங்கம்!” என்றார்.

அந்தச் சொல் அப்புறம் நிறைய இடத்துக்குப் போயிற்று. கருப்பையாவின் துறையிலிருந்து விளக்கம் கேட்டு வந்த கடிதத்தில் அது இருந்தது. ‘முன் அனுமதி பெறாமல் நூல் வெளியிட்டு, களங்கம் விளைவித்தது ஏன்?’ ஒரு செய்தித்தாளின் உள்பக்கத்திலும் வந்தது. அந்தச் சொல்லை வேலுச்சாமி கேட்கவே இல்லை. நானாகத்தான் எடுத்துக் கொடுத்தேன். மனு நன்றாக இருக்க வேண்டும் என்கிற தொழில் பழக்கம்.

துறைக்குப் பதில் கடிதம் அடிக்கக் கருப்பையாவும் என்னிடமே வந்தார். ‘களங்கம்’ யார் போட்ட சொல் என்று அவரிடம் சொன்னேன்.

“நல்ல சொல்லுதான்க்கா” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

சிவப்பு மை

இந்த இடத்தில் பழைய விஷயம் ஒன்று ஞாபகம் வருகிறது.

தட்டச்சுப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் சேர்ந்து கையால் சுற்றி அச்செடுக்கும் பத்திரிகை ஒன்று நடத்தினோம். ஸ்டென்சில் தாளில் அடிப்பது என் வேலை. பிழை வந்தால் நகப்பூச்சுப் போல இருக்கும் ஒரு சிவப்பு மையைத் தடவ வேண்டும். எழுத்து அடைபட்டுப்போகும், காய்ந்ததும் அதன் மேல் வேறு எழுத்து அடிக்கலாம். அதன் நெடி தலைக்கு ஏறும்.

ராணி என்ற தோழி, தன் அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்களைப் பற்றி ஒரு கவிதை கொடுத்தாள். பள்ளியை நடத்தியவர் படித்துவிட்டு, “இது வேண்டாம்மா, பெத்தவங்க சண்டைக்கு வருவாங்க” என்றார். நான் மறுபேச்சு பேசவில்லை. கவிதை முழுவதையும் வரி வரியாகச் சிவப்பு மையால் அடைத்தேன். அந்த இடத்தில் ஊறுகாய் போடும் முறை ஒன்றை அடித்தேன்.

ராணி சண்டை போடவில்லை. அடுத்த இதழுக்கு எதுவும் தரவும் இல்லை. அதற்கப்புறம் அவள் எழுதியதாக நான் கேள்விப்படவே இல்லை.

எழுத்தைத் தடுப்பவர்கள் என்றால் நாம் பெரிய நாற்காலிகளைத்தான் நினைத்துக்கொள்கிறோம். என் அனுபவத்தில் பாதி வேலையை நல்ல பிள்ளைகள்தான் செய்து கொடுத்திருக்கிறோம்.

அறிக்கையும் பூக்களும்

கருப்பையா வீட்டுப் பாலைச் சொசைட்டியில் வாங்க மறுத்தார்கள். அவர் மனைவி தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஜாக்கெட் தைக்கக் கொடுத்தவர்கள் துணியைத் தைக்காமலேயே திரும்ப வாங்கிப்போனார்கள். ‘மாடு படுத்துக் கெடந்தாலும் அவனைக் கூப்புடக்கூடாது’ என்று ஊரில் பேசி முடித்துவிட்டார்கள். பெண்ணுக்கு அப்போது பத்தாம் வகுப்பு. ஸ்கூல் வேனில் அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

அமைதிப் பேச்சுவார்த்தைக்குத் தாலுகா ஆபீசில் கூப்பிட்டார்கள். முடிவைத்தான் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன். மீதிப் பிரதிகள் என் கடை அலமாரியில் கட்டுக் கட்டாக இருந்தன. அவற்றையும் உரச்சாக்கில் போட்டு எடுத்துப் போனார்கள். நானே இறக்கிக் கொடுத்தேன்.

சென்னையிலிருந்து அறுபது எழுத்தாளர்கள் கையெழுத்திட்ட கண்டன அறிக்கை வந்தது. காரமான அறிக்கை. படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனால் அவர் பெயரைக் ‘கருப்பசாமி’ என்று போட்டிருந்தார்கள்.

கருப்பையா சிரித்துவிட்டார். “நல்லதாப் போச்சுக்கா. எங்கூர்க்காரங்க வேற யாரோன்னு நெனச்சுக்குவாங்க.”

எங்கள் பக்கத்திலும் ஒரு வாசகர் வட்டம் இருந்தது. மாதம் ஒரு ஞாயிறு கூடுவோம். கருப்பையா அதில் பல வருட உறுப்பினர். தலைவர் ஓய்வுபெற்ற பேராசிரியர். “சூழ்நிலை சரியில்லை, ஆறப்போடுவோம்” என்றார். அந்த மாதம் சங்க இலக்கியத்தில் வரும் பூக்களைப் பற்றிப் பேச்சு. கருப்பையா வரவில்லை. இரண்டு மணி நேரம் பூக்களின் பெயரைக் கேட்டுக்கொண்டிருந்தோம். ஒருவரும் அவர் பெயரை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. சுண்டல் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஐஸ் கம்பெனியில் ஒரு ஞாயிறு

மறுநாள் ஹாஜா பாய் போன் செய்தார். மணமேல்குடிப் பக்கம் கடற்கரையில் மீனுக்கு ஐஸ் போடும் கம்பெனி வைத்திருக்கிறார். சவூதியில் பதினைந்து வருடம் இருந்தபோது தமிழ் வாசிப்பில் விழுந்தவர். எங்கள் கூட்டத்துக்கு ரெண்டு பஸ் மாறி வருவார்.

“என்னம்மா, நேத்து பூவாப் பறிச்சோம். வீட்டுக்கு வந்து தூக்கம் வரல.”

“என்ன பாய் பண்றது? அவரு எழுதிக் கொடுத்துட்டாரே. நானே அடிச்சுக் குடுத்தேன்.”

“அவரு வாசிக்க மாட்டேன்னு எழுதிக் குடுத்திருக்காரு. நான் குடுத்தேனா? நீங்க குடுத்தீங்களா? கதையைப் படிச்சவங்க நாம இருக்கோம்ல. இங்கிட்டு வாங்க எல்லாரும். எங்க கம்பெனி வாசல்ல உக்காந்து பேசுவோம்.”

வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி மட்டும் போட்டார். நாள், இடம், ‘வாசகர்கள் சந்திப்பு’. அவ்வளவுதான்.

பதினான்கு பேர் வந்தார்கள். பேராசிரியர் வரவில்லை. கருப்பையா வந்தார், ஆனால் பேசுவதில்லை என்று சொல்லிவிட்டுத்தான் வந்தார். கவிழ்த்துப் போட்ட மீன் பெட்டியின் மேல் ஓரமாக உட்கார்ந்தார். ஐஸ் உடைக்கும் இயந்திரத்தை நிறுத்தியதும் சட்டென்று அமைதியானது. உருகிய தண்ணீர் எங்கள் கால்களுக்கு இடையே ஓடிக்கொண்டிருந்தது. மீன் கவிச்சி.

யார் கையிலும் புத்தகம் இல்லை. ஞாபகத்திலிருந்து சொன்னோம். ஒரு டீச்சர் காளையைக் குளிப்பாட்டும் இடத்தைச் சொன்னார். ஒரு பஸ் கண்டக்டர், மாலைகளின் கனத்தில் டிராக்டர் திணறியதைச் சொன்னார். அப்படி ஒரு வரி கதையில் கிடையாது. யாரும் திருத்தவில்லை. பறை அடித்தவரின் விரல் வெடிப்பை நான் சொன்னேன். அச்சுக்குத் தயார் செய்தபோது அந்த வரியில் கை நின்றிருந்தது.

கண்மாய்க் கரையை ஹாஜா பாய் சொல்லத் தொடங்கினார். “மழை... அந்தச் சேத்துல...” என்று வந்தவர், மேலே போக முடியாமல் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார்.

கருப்பையா தலையைத் தூக்கவே இல்லை.

பெயர்

அப்போது பின்னாலிருந்து ஒருவர் எழுந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். வட்டத்தில் பார்த்த முகம் இல்லை.

“நான் முருகேசன். கீரனூர்ல எலக்ட்ரீசியன். பறை அடிச்சாருன்னு சொல்றீங்கள்ல, அவரு மகன். என்னை யாரும் கூப்புடல. போன்ல வந்ததைப் பார்த்துட்டு, இந்தக் கதைக்குத்தான்னு விசாரிச்சுட்டு வந்தேன்.”

எங்களில் யாருக்கும் அவரைக் கூப்பிட வேண்டும் என்று தோன்றியிருக்கவில்லை. அது அந்த நொடியில்தான் உறைத்தது.

“நீங்க சொன்னது எதுவும் தப்பில்ல. ஆனா கதையில ‘ஒருவனுக்குக் கால் வழுக்கியது’ன்னு இருக்கு. ஒருவன் இல்லீங்க. நான்தான். முன்பக்கம், எடது தோளு. எங்கப்பாவைக் கீழ போட்டது நான்.”

அவர் கருப்பையா பக்கம் திரும்பினார்.

“ஒங்க மேல கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன். எழுதுறதுக்கு முந்தி ஒரு வார்த்தை கேட்டீங்களா? பொஸ்தகம் வந்ததுல இருந்து ஊருல எங்க ஆளுகளை ஒரு வேலைக்கும் கூப்புடறதில்ல. நாங்கதான் ஒங்களைத் தூண்டிவிட்டு எழுத வச்சோமாம். ஒங்களுக்குச் சென்னையில இருந்து அறிக்கை வந்துச்சு. எங்களுக்கு யாரு குடுத்தா?”

கருப்பையா எழுந்து நின்றார்.

“எங்கப்பா பேரு வீரையா. நீங்க சின்னான்னு போட்டிருக்கீங்க. அதைப் படிச்சப்ப, ஊர்க்காரங்க எங்க ஆளுகளை எளக்காரமாக் கூப்புடுற மாதிரியே இருந்துச்சு.”

“பேரை மாத்துனா ஒங்களுக்குத் தொந்தரவு வராதுன்னு நெனச்சேன்” என்றார் கருப்பையா. “ஆனா அந்தப் பேரு ஏன் வந்துச்சுன்னு எனக்கே தெரியல. கேட்காம எழுதினதும் தப்பு. மன்னிச்சுக்கங்க.”

அதுவும் மன்னிப்புதான். அதை யாரும் அவருக்கு எழுதிக் கொடுக்கவில்லை.

முருகேசன் உட்கார்ந்தார். ஹாஜா பாய் டீ சொன்னார். கிளம்பும்போது முருகேசன் என்னிடம் வந்து, “நீங்கதானே டைப்பு அக்கா? கடை எப்பத் தெறப்பீங்க?” என்று கேட்டார்.

அவர் சொல்ல, நான் அடிக்க

இரண்டு நாள் கழித்துக் காலை ஒன்பதரைக்கு வந்தார். ஸ்டூலை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“மனு ஒண்ணு. பெரிய தெரு வழியா எங்க சாவு போகணும்னு. கலெக்டர் ஆபீஸ்ல குடுக்கணும். நான் சொல்றதை அப்படியே அடிங்கக்கா.”

பொதுவாக, சொல்பவர் ஒன்று சொல்வார், நான் ஒன்று அடிப்பேன். ‘மேற்படி’, ‘தாழ்மையுடன்’, ‘ஆவன செய்யுமாறு’. அன்று அதைச் செய்யக்கூடாது என்று முடிவு செய்திருந்தேன். ஆனாலும் கை பழக்கத்தில் ஓடியது. ‘என் தந்தையார் அமரர் வீரையா’ என்று அடித்தேன்.

“அமரர்னு நான் சொல்லலையே.”

அழித்தேன். ‘என் அப்பா பெயர் வீரையா’ என்று தொடங்கினோம்.

இரண்டரைப் பக்கம் வந்தது. அப்பா எந்தெந்த ஊர்த் திருவிழாவுக்கு அடித்தார், என்ன சாப்பிடப் பிடிக்கும், கரையில் எந்த இடத்தில் வழுக்கல், விழுந்த பிறகு உடலை எந்தத் தண்ணீரில் கழுவினார்கள், எல்லாம் இருந்தது. அடித்து முடித்து வாசித்துக் காட்டும்போதுதான் கவனித்தேன். கருப்பையாவின் கதையில் பாதிக்கு மேல் வரும் காளை, இதில் ஓர் இடத்தில்கூட இல்லை.

“நீளமா இருக்குப்பா. ஆபீஸ்ல ஒரு பக்கத்துக்கு மேல படிக்க மாட்டாங்க” என்றேன்.

“இத்தனை வருசம் நடந்தோம். ரெண்டரைப் பக்கம் படிக்கட்டும்க்கா.”

அந்த மனு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அதிகாரிகள் இரண்டு முறை வந்து தெருவை அளந்தார்கள். மறுபடியும் பேச்சுவார்த்தை நடந்தது. இந்த முறை மேசைக்கு ஒரு பக்கம் வேலுச்சாமியும் மறு பக்கம் முருகேசனும் உட்கார்ந்தார்கள். அடுத்த மழைக்காலத்தில் காலனியில் ஒரு பாட்டி இறந்தபோது, போலீஸ் நிற்க, பெரிய தெருவில் கோயில் முக்கு வரை கொண்டுபோனார்கள். அங்கிருந்து சந்துக்குள் திருப்பிவிட்டார்கள். பாதித் தெரு. மீதிப் பாதி இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது.

கருப்பையாவை மாவட்டத்தின் தென்கோடிக்கு மாற்றினார்கள். குடும்பத்தோடு போய்விட்டார். அந்தப் புத்தகம் இன்றுவரை கடைகளில் கிடையாது. அவர் எழுதுகிறார். என்ன எழுதுகிறார் என்று நான் கேட்பதில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது மனுவில் கையெழுத்து வாங்கிய நாளைப் பற்றித்தான். மாறுதல் உத்தரவு வந்து அவர் புது ஊருக்குப் போயிருந்த சமயம் அது. காலனி ஆட்கள் காலையிலிருந்தே வந்து வந்து என் கடையில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பதினொரு மணி இருக்கும். ஹாஜா பாய் சொல்லிக் கேள்விப்பட்டு, கருப்பையா பஸ் ஏறி வந்து வாசலில் நின்றார்.

“முருகேசன், நானும் ஒரு கையெழுத்துப் போடலாமா? ரெண்டு சாவையும் பார்த்தவன்ங்கிற முறையில.”

துறைக்கு அவர் கொடுத்த விளக்கத்துக்கே இன்னும் முடிவு வரவில்லை. வேலைக்கே ஆபத்து.

முருகேசன் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“போடுங்க. ஆனா எங்க ஆளுக எல்லாரும் போட்டு முடிக்கட்டும்.”

கருப்பையா தலையாட்டிவிட்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்தார். ஒவ்வொருவராக வந்தார்கள். சிலர் எழுத்துக் கூட்டிப் பெயர் எழுதினார்கள், சிலர் கைநாட்டு வைத்துவிட்டு விரலைச் சேலை முந்தானையில் துடைத்தார்கள். கருப்பையாவைச் சாப்பிடக் கூப்பிட்டேன், வேண்டாம் என்றார். மூன்று மணிக்கு மேல் முருகேசன் தாளை அவர் பக்கம் நகர்த்தினார்.

அடியில் இரண்டு விரல் அகல இடம்தான் மிச்சம் இருந்தது. அதற்குள் தன் பெயரை எழுதி, அதன் கீழே ‘கால்நடை ஆய்வாளர்’ என்று வேலையையும் முழுதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்.